கூரைக் கம்பத்தைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

சென்ற வாரம் தில்லியில் ஒரு கருத்தரங்கில் இந்திய நுகர்வுப் பண்பாடு குறித்த கட்டுரையொன்றைக் கேட்டேன். திரையில் ஒரு பழைய புகைப்படம்: தாழ்ந்த ஓட்டு வீடு, அதன்மேல் வீட்டைப்போல் இருமடங்கு உயரத்தில் ஒரு கம்பம், உச்சியில் தொலைக்காட்சி ஆன்டெனா. அரங்கில் சிரிப்பெழுந்தது. பகட்டு நுகர்வுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கட்டுரையாளரும் சிரித்தார். வெப்லனின் பெயர் வந்தது, பூர்தியுவின் பெயரும் வந்தது. அந்த வீட்டிலிருந்து ஒளிபரப்புக் கோபுரம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். தூர்தர்ஷனின் தரைவழி அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவும் குன்றும் மரமும் அதை மறைக்கும். கோபுரத்துக்கு அருகில் குடியிருந்தவருக்குப் பெட்டியின் மேல் நிற்கும் இரு கம்பிகளே போதும். தொலைவிலிருந்தவர் கம்பத்தை உயர்த்தி, பூஸ்டரும் பொருத்தி, காற்றடிக்கும்போதெல்லாம் கூரையேறித் திருப்பினால்தான் புள்ளிமழைக்கு நடுவே ஒரு முகம் தெரியும். அரசு தன் கோபுரத்தை எங்கே நட்டதோ, அதற்கேற்ப வளர்ந்தது அந்தக் கம்பம். அதன் நீளத்தை வீட்டுக்காரரின் செருக்காக வாசிப்பது, குடத்தோடு நெடுந்தொலைவு நடப்பவரை நடைப்பயிற்சி செய்பவர் என்று எழுதுவதற்கு ஒப்பாகும்.

பெருமிதமே இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நிச்சயம் இருந்தது. பெட்டி இல்லாமலே ஆன்டெனாவை மட்டும் ஏற்றிவைத்தவரின் கதையை எல்லா ஊரிலும் சொல்வார்கள் (அது எப்போதும் அடுத்த தெருவில்தான் நடந்திருக்கும்). ஆனால் அந்தப் பெருமிதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதை உண்டாக்கியவர்களும் உண்டு. வெப்லன் 1899-இல் ஏழைகளையும் சேர்த்துத்தான் எழுதினார். ஆயின், மதிப்பின் அளவுகோலை வகுத்துத் தருவது மேல்தட்டு என்பதையும் அவரே எழுதினார். நம் கருத்தரங்குகள் முதற்பாதியோடு நிறுத்திக்கொள்கின்றன.

இந்நாட்டின் சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி முதன்முதலில் பெருமளவில் சென்றது தனியுடைமையாக அன்று. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் பொதுப்பெட்டிகள் இயங்கின. அங்கும் டிஷ் இருந்தது. கோழிக்கூண்டுக் கம்பிவலையால் ஆன, மூன்று மீட்டர் அகலமுள்ள டிஷ். அது எவர் வீட்டின் பெருமையும் அன்று, ஊருக்குச் சொந்தம். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் இது இன்னும் ஆழமாக வேரூன்றியது. பீஜ் என்னும் ஊரில் ஒரு சிறு ஒளிபரப்பி, ஏறத்தாழ 400 சிற்றூர்களில் 650 பொதுப்பெட்டிகள், தீண்டாமையையும் கூலியையும் பற்றி உள்ளூர் மக்களே நடித்த நிகழ்ச்சிகள். 1984-இல் யுனெஸ்கோவின் பரிசும் கிடைத்தது. மறு ஆண்டே அந்த ஒளிபரப்பியைக் கழற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள், அங்கே இரண்டாம் அலைவரிசை தொடங்குவதற்காக. கேடா மக்கள் போராடிப் பார்த்தார்கள், பயனில்லை. தமிழர்களாகிய நாம் எண்பதுகளின் தொலைக்காட்சி நினைவுகளை ஏக்கத்தோடு எழுதும்போது இந்த ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கிடையில் 1982-இன் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக வண்ண ஒளிபரப்பு வந்துவிட்டது. 1984-இல் சில மாதங்கள் ஏறத்தாழ நாளுக்கொரு குறைதிறன் ஒளிபரப்பி நாடெங்கும் நடப்பட்டது. கோபுரங்கள் அரசுடையவை, பெட்டியும் ஆன்டெனாவும் அவரவர் பாடு. பார்ப்பது பொது உரிமையாக இருந்த நிலை மாறி, வாங்கும் திறன் ஆயிற்று. கொம்பு முளைத்த சாத்தானைக் கொண்டுவந்து, அயலாரின் பொறாமையே உரிமையாளரின் பெருமை என்று ஓனிடா விளம்பரம் செய்ததும் அந்தப் பத்தாண்டில்தான். பொறாமையை விற்பனைச் சரக்காக்கியவர்கள் விளம்பரத்துறையின் மேதைகளாகப் பாடநூல்களில் இடம்பெறுகிறார்கள். அதை வாங்கியவர் நம் புகைப்படத்தில் கேலிப்பொருளாகிறார்.

அயலாரிடையே மதிப்பு எங்கே தீர்மானமாயிற்று என்பதைக் காண விரும்பினால், கூரையிலிருந்து கண்ணை இறக்கி வாசற்படிக்குக் கொண்டுவர வேண்டும். 1987 ஜனவரி முதல் ஞாயிறு காலைகளில் ‘ராமாயண்’ ஓடியபோது பெட்டியுள்ள வீட்டில் தெருவே கூடியது என்று எழுதிக் கண்கலங்குகிறோம். நாற்காலி எவருக்கு, தரை எவருக்கு, சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர் எந்தச் சாதியார், விளம்பர இடைவேளையில் தண்ணீர் கேட்ட குழந்தைக்கு எந்தக் குவளை வந்தது? நான் கேட்ட கட்டுரையில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. ஆன்டெனாவைப் படம் பிடிப்பது எளிது. சன்னலுக்கு வெளியே நின்றவரின் படத்தை எவரும் எடுத்துவைக்கவில்லை.

இன்று சிரிப்பின் திசை மாறியிருக்கிறது. 1991-இன் வளைகுடாப் போர்க்காலத்தில் டிஷ் என்பது நட்சத்திர விடுதிகளின் அடையாளம். இப்போது நான் வாடகைக்கு இருக்கும் குடியிருப்பில், பால்கனியில் டிஷ் மாட்டினால் கட்டடத்தின் தோற்றம் கெடும் என்று சங்கத்தின் அறிவிப்புத் தொங்குகிறது. கண்ணாடியிழைக் கம்பி வந்துவிட்ட வீடுகளுக்கு வெளியே தெரியும் தட்டு அவமானம். பின்புறச் சந்தில், காவலர்களும் வீட்டுவேலை செய்வோரும் வாழும் அறைகளின் மேல்தான் அவை வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலும் மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ். 2021 இறுதிக்குள் பிரசார் பாரதி தன் பழைய தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்ட பிறகு, காசில்லாமல் பார்க்க அவர்களுக்கு இருக்கும் வழி இதுவே. அந்தத் தட்டிலிருந்தும் பெரிய தனியார் குழுமங்கள் தம் இந்திப் பொழுதுபோக்கு அலைவரிசைகளை 2019-இல் ஒருமுறை விலக்கின; திரும்பி வந்தன; 2022 ஏப்ரலில் மீண்டும் விலக்கின. கட்டணம் செலுத்தும் வீடுகளே அவர்களுக்குப் பெரிது.

அந்தச் சந்தின் கூரைகளையும் ஒருவர் படம் பிடித்துத் திரையில் காட்டும் நாள் தொலைவில் இல்லை. அன்றும் அரங்கு சிரிக்குமாயின், கேள்வி நேரத்தில் முதல் கேள்வி என்னுடையது.