முதுகை அளந்து பை வாங்குங்கள்

எங்கள் விரிஞ்சிபுரத்து சுவாமிக்கு வழித்துணைநாதர் என்று பெயர். போன வருஷம் என் பெண் மேல்படிப்புக்கு ஜெர்மனி கிளம்பியபோது அவரை வேண்டிக்கொண்டு, முதுகில் மாட்டும் பை வாங்கப் போனோம்.

ஆம்பூர், ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் ஊர்களாச்சே! "தோல் பையே எடு, காலத்துக்கும் உழைக்கும்" என்றேன். வெறும் பையே இரண்டரைக் கிலோ! பல விமானங்களில் கையோடு கொண்டுபோக, பையையும் சேர்த்து 7 கிலோதான் அனுமதி. சாமானை அடுக்கி மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னேன். கால் மணியில் தோளில் சிவப்புத் தழும்பு. "முடியலைம்மா" என்று உட்கார்ந்துவிட்டாள். அதைத் திருப்பிக் கொடுத்து, 40 லிட்டர் நைலான் பை வாங்கினோம்.

சகோதரிகளே, தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் துருத்துமே ஓர் எலும்பு, அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பை அந்த நீளத்துக்குப் பொருந்த வேண்டும். அகலமான இடுப்புப் பட்டை கட்டாயம் இருக்கட்டும். முதலில் அதை இறுக்கி, பிறகு தோள்பட்டையைச் சரிசெய்தால் பாரம் பெரும்பாலும் இடுப்பில் உட்காரும். கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்கட்டும். பவர் பேங்கைப் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

கடைக்கே ஐந்து கிலோ அரிசி கொண்டுபோய், பையில் போட்டு நடந்து பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்!

போய் இறங்கியதும், "முதுகு வலிக்கலைம்மா" என்றுதான் போனில் முதலில் சொன்னாள். வழித்துணைநாதர் கூடவே போனாலும், சுமப்பது நம் பிள்ளைதானே!