பெரிய முட்டையும் மெல்லிய ஓடும்

வடக்கனந்தல் கடைவீதியில் முட்டை வாங்குவோரைக் கவனித்திருக்கிறீர்களா? அட்டையில் எது பெரியதோ, அதைத்தான் கை தேடும். நானும் அப்படியே வாங்கினேன். வீடு சேர்வதற்குள் இரண்டு முட்டைகளில் விரிசல். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரை ஏசினேன். நான் செய்தது தவறு. பழையது முட்டையல்ல, அதை இட்ட கோழிக்கு வயதாகியிருக்கலாம்.

நாமக்கல் பண்ணைக் கோழி ஏறத்தாழ 20 வார வயதில் முட்டையிடத் தொடங்குகிறது. வயது ஏற ஏற முட்டை பெரிதாகும். ஓட்டில் சேரும் சுண்ணாம்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிராம் முட்டை, வடிவம் மாறாமல் 65 கிராம் ஆனால், மேற்பரப்பு சுமார் 19 விழுக்காடு கூடும். அதே சுண்ணாம்பை அதன்மேல் பரப்பினால், ஓட்டின் கனம் 16 விழுக்காடு குறைந்துபோகும். மொத்தக் கனமே ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான்!

கோழியைக் குறை சொல்வதற்கில்லை. ஒவ்வோர் ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் பிடிக்கிறது. அதில் பெரும்பகுதி, தீனி எடுக்காத இரவு நேரம். அப்போது தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக் கொடுக்கிறது. வயதானால் குடல் கால்சியத்தை உறிஞ்சும் திறனும் குறைகிறது. பிற்பகலில் கிளிஞ்சல் துண்டுகளைத் தீனியில் சேர்ப்பது இதற்காகத்தான். அவை மெல்லக் கரைந்து இரவில் கைகொடுக்கும்.

1989-இல் இரு வாரத்துக்கு ஒன்று என மதிய உணவில் சேர்ந்த முட்டை, இன்று பள்ளி நாள்தோறும் தட்டுக்கு வருகிறது. சின்ன முட்டை கிடைத்தால் முகம் சுளிக்கிறீர்கள். விரிசல் வழியே கிருமி நுழையும் என்பதை மறந்துவிடுகிறோம். வெள்ளிமலைப் பாதையின் வளைவுகளில் குலுங்கி ஏறும் முட்டை நடுத்தர அளவில் இருப்பதே நல்லது என்பேன்.

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை இரும்புக் குண்டோடு முடித்துவிடும் ஆய்வுக்கூடங்கள்மீது எனக்கு வருத்தம் உண்டு. முட்டையில் அடர்த்தி மிகுந்த பகுதி ஓடுதான். கோழி வளர்ப்பவரிடம், இளங்கோழியும் முதிர்ந்த கோழியும் அன்றே இட்ட முட்டைகளைக் கேட்டு வாங்குங்கள். நாள்பட்டதானால் உள்ளே காற்றறை பெருத்து ஏமாற்றிவிடும். முட்டைகளைத் தண்ணீரில் இட்டு, உப்பைச் சிறிது சிறிதாகக் கரையுங்கள். லிட்டருக்கு 120 கிராம் உப்பு சேர்ந்தால் ஒப்படர்த்தி 1.08-ஐ நெருங்கும். முதலில் மிதப்பது எந்தக் கோழியின் முட்டை, அதன் எடை என்ன என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.