கட்டக்கோரையும் கடல் வளமும்

‘பாசி படிந்தது’ என்றால் பயனற்றுக் கிடப்பது என்பதே உலக வழக்கு. குளத்துப் பாசிக்கு நேர்ந்த அவ்விழிவு கடற்பாசியையும் பற்றிக்கொண்டது. கரையில் ஒதுங்கும் பழுப்புப் பாசியைக் குப்பை எனக் கருதுவோரே பலர். இக்கருத்து பிழையானது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற கடலில், பாறைகளின்மீது பழுப்புப் பாசிகள் காடென வளர்கின்றன. அறிவியலார் சர்காசம் என்பதை அப்பகுதி மக்கள் கட்டக்கோரை என்பர். தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் வகுத்தது. கட்டக்கோரைக்கோ ஈரிடத்தும் வயிரமில்லை, வேருமில்லை. பாறையைக் கவ்வும் அடிப்பிடிப்பு அதனை நிறுத்துகிறது. காற்றடைத்த சிறு குமிழ்கள் கிளைகளை ஒளியை நோக்கி உயர்த்துகின்றன. அவ்வொளியால் அது ஆக்கும் உணவே பல உயிர்களுக்கு முதல். ஓரா மீன் அதனை மேய்கிறது. மீன்குஞ்சும் இறாலும் நண்டும் அதனிடையே ஒளிந்து பிழைக்கின்றன.

பாசி பெருகினால் பவளத்தை மூடிவிடாதா எனின், மூடும். ஆயின் மேயும் மீன்களை வரம்பின்றிப் பிடிப்பதும் கழிவுநீரைக் கடலில் கலப்பதும் மனிதர் செயல்களே, பழி பாசியினதன்று.

கட்டக்கோரையிலிருந்து பெறும் ஆல்ஜினேட், துணியச்சுச் சாயத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் பதம் தருகிறது. எனவே அதற்கு விலையுண்டு. இராமேசுவரத்தை அடுத்த கடலோரப் பெண்கள் மூழ்கிப் பாசியெடுத்துப் பிழைக்கின்றனர். 1986இல் இத்தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. அதன்பின் தீவோரம் செல்வதே அவர்களுக்குக் குற்றமாயிற்று. பாதுகாப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. அடிப்பிடிப்போடு பறித்தால் அவ்விடத்துப் பாசி அழியும். நுனியை மட்டும் கொய்தால் மீண்டும் தழைக்கும். இதனை நன்குணர்ந்தவர்கள் அப்பெண்களே. அறுவடை நாள்களைத் தாமே குறைத்துக்கொள்ளவும் அவர்கள் இசைந்தனர். அவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்தி 2015இல் சீகாலஜி என்னும் பன்னாட்டு அமைப்பின் பரிசைப் பெற்றார். அவர்களை விலக்கி நிறுத்தும் சட்டத்தைவிட, காவலர்களாக ஏற்கும் சட்டமே கடலைக் காக்கும் என்பது என் துணிபு.

தமிழ் பயில்வோர்க்கும் இதில் கடமையுண்டு. நெய்தல் திணையை ஏட்டளவில் போற்றினால் போதாது. கட்டக்கோரை, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி எனக் கடலோர மக்கள் நாவில் வழங்கும் பெயர்களையும் அவற்றோடு இணைந்த தொழிலறிவையும் மாணவர்கள் நேரிற் சென்று தொகுத்தல் வேண்டும். சொல் மறைந்தால் அச்சொல் சுமந்த அறிவும் மறையும்.