முதலில் பின்விளக்கை வாங்குங்கள்

சைக்கிளுக்கு லைட் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, ‘எவ்வளவு வெளிச்சம் அடிக்கும்?’ என்பதுதான். கடைக்காரரும் எதிர்ச் சுவரில் அடித்துக் காட்டுவார். பெட்டியில் ஆயிரம் லூமென் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பேரம் படிந்ததும் அது ஹேண்டில்பாரில் ஏறிவிடும். பின்பக்கத்தைப் பற்றிப் பேச்சே வராது. மட்கார்டில் சேறு அப்பிய சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்று இருந்தால் அதுவே போதும் என்று விட்டுவிடுவார்கள்.

இந்த வரிசை மாற வேண்டும். தெருவிளக்கு எரியும் ஊர்ச் சாலையில் சைக்கிள்காரருக்குப் பாதை ஓரளவு தெரிந்துவிடும். அவர் பிறர் கண்ணுக்குத் தெரிகிறாரா என்பதுதான் கேள்வி. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ரிஃப்ளெக்டரோ, தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்ப மட்டுமே தெரிந்தது. பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் மங்கலாக இருந்தாலும், பக்கச் சந்திலிருந்து வண்டி திரும்பினாலும் அதனால் பயனில்லை. எரியும் சிவப்பு விளக்குக்கு அடுத்தவர் தயவு தேவையில்லை.

டென்மார்க்கின் ஓடென்ஸே நகரில் 2004-05இல் 3,845 சைக்கிள்காரர்களைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினரின் சைக்கிளில் முன்னும் பின்னும் சிறு விளக்குகளைப் பொருத்தினார்கள். சக்கரக் கம்பிகளில் மாட்டிய காந்தத்தால் அவை இரவு பகலாக எரிந்தன. ஓராண்டில் அந்தப் பிரிவினர் காயமடைந்த விபத்துகள் மற்றவர்களைவிட 19 சதவீதம் குறைவு. அந்த விளக்குகள் சாலையைக் காட்டவில்லை, ஆளைக் காட்டின.

எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். சீட்டுக்கு அடியில் மாட்டும் பின்விளக்கைக் கேரியரில் வைத்த புத்தகப் பை மறைத்துவிடும்; பால் கேன், காய்கறி மூட்டை என்றால் கேட்கவே வேண்டாம். கேரியரின் பின்விளிம்பிலோ மட்கார்டிலோ பொருத்துவதே சரி. முன்கூடை உள்ள சைக்கிளில் ஹேண்டில்பார் விளக்கு கூடைக்குள் இருக்கும் டிபன் பாக்ஸுக்குத்தான் வெளிச்சம் போடும். அதைக் கூடையின் முன்பக்கத்துக்கு மாற்ற வேண்டும்.

முன்விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது லூமென் கணக்கில் மயங்கக் கூடாது. விளக்கு உமிழும் மொத்த ஒளிதான் லூமென். அது சாலையில் விழுகிறதா, எதிரே வருபவர் கண்ணில் விழுகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. ஜெர்மனியில் சட்டம் கேட்பது வேறு: 10 மீட்டர் தொலைவில் குறைந்தது 10 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) ஒளி விழ வேண்டும், எதிரே வருபவர் கண் கூசக் கூடாது. விட்டுவிட்டு மின்னும் விளக்குக்கு அங்கே அனுமதியில்லை. நம் கடைகளில் அந்தச் சட்டத்தின் ஒப்புதல் முத்திரையைத் தேட முடியாவிட்டாலும், விளக்கைச் சுவரில் அடித்து, ஒளியின் மேல்விளிம்பு வெட்டியதுபோல் நிற்கிறதா என்று பார்க்கலாம்.

டயரில் உரசி ஓடிய பழைய டைனமோ 6 வோல்ட், 3 வாட் மின்சாரம் தந்தது. மிதி கனக்கும், சிக்னலில் நின்றால் விளக்கும் அணையும். ஆனாலும் சார்ஜ் போட மறந்தோம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. எல்இடி விளக்குக்குச் சொற்ப மின்சாரமே போதும் என்றான இந்தக் காலத்தில் டைனமோவை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை.

விளக்கில்லாமல் ஓட்டினால் போலீஸ்காரர் பிடிப்பார் என்ற பயம் ஒரு தலைமுறைக்கு இருந்தது. அந்தப் பயம் போனது, கூடவே விளக்கும் போனது. தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்குத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விரிந்தது. சிறப்பு வகுப்பும் டியூஷனும் முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில், நவம்பர் மாதத்தில், ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மழை வேறு.

சைக்கிள் கொள்முதலுக்கான டெண்டரிலேயே பின்விளக்கையும் ஒரு நிபந்தனையாக அரசு சேர்க்க வேண்டும். பெற்றோர் அதுவரை காத்திருக்க வேண்டாம். சில நூறு ரூபாயில், மழை தாங்கும் சிவப்பு விளக்கு ஒன்றை வாங்கி இந்த வாரமே மாட்டிவிடுங்கள்.