பொம்மைக்கு முதல் ஊசி

அலுவிகாரைக் குகைக் கோயிலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், பாளித் திரிபிடகம் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்ட இடம் இதுவென்று காட்டுவர். பிள்ளைகள் மனத்திற் பதிவதோ நரகத்துத் தண்டனைகளைக் காட்டும் குகையே. நோயுற்ற பிள்ளைக்கு ஆஸ்பத்திரியும் அத்தகையதொரு குகைதான். அதற்கு நாமும் உடந்தை. "குழப்படி செய்தால் ஊசி போடுவிப்பேன்" என்று வீட்டிலே மிரட்டிவிட்டு, பின்னர் அதே ஊசிக்கு அஞ்சாதே என்றால் பிள்ளை எங்ஙனம் நம்பும்?

போரையோ வெள்ளத்தையோ வீட்டு வன்முறையையோ கண்ட பிள்ளைக்கு இவ்வச்சம் இருமடங்கு. கையைப் பிடித்து அழுத்துவதே பழைய கொடுமையை நினைவூட்டக்கூடும். ஆகவே தாதிப் பயிற்சி பெறும் மாணவருக்கு மருந்தின் அளவைப் போலவே விளையாட்டையும் கற்பித்தல் வேண்டும் என்பது என் துணிபு. விரிவுரையால் அது வாராது. கையாற் செய்தே பழகவேண்டும். மாணவர் ஒருவர் கட்டிலிற் படுத்து, தம்மீது குனியும் நால்வர் முகங்களைக் கீழிருந்து பார்க்கட்டும். பின்பு துணிப் பொம்மையையும் ஊசி கழற்றிய சிரிஞ்சையும் பிள்ளையிடம் கொடுத்துப் பழகட்டும். பிள்ளையே வைத்தியராகிப் பொம்மைக்கு ஊசி போடும். தன் ஐயங்களைப் பொம்மையின் வாயிலாகக் கேட்கும். "நோகாது" என்று பொய் சொல்லலாகாது. "சிறிது நோகும், விரைவில் முடிந்துவிடும்" எனலாம். எந்தக் கையில் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். பொம்மையைத் தூக்கி எறிந்தால் கடிந்துகொள்ளாது காத்திருத்தல் வேண்டும். கடினமான பாடம் அதுவே.

இவ்வெண்ணம் புதியதன்று. 1952இல் இங்கிலாந்திலே ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பார், தாயைப் பிரிந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்துக் காட்டினார். மருத்துவர் பலர் சினந்தனர். எனினும் 1959இல் வெளிவந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் தடையின்றிப் பிள்ளையைப் பார்க்கவும், தாதியர் பிள்ளையின் மனத் தேவைகளை அறியப் பயிலவும் பரிந்துரைத்தது.

நம் நாட்டிலும் 1996இல் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் மட்டக்களப்பிலே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடக்கினர். போரால் நொந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே களிமண் பிசைந்தனர், படம் வரைந்தனர், கதை கட்டி நடித்தனர். அது வைத்தியசாலையன்று. ஆயினும் வாயாற் சொல்லவியலாததைக் கையாற் சொல்லும் வழியை, தாதி மாணவர் அங்கிருந்து கற்கலாம்.

விடுதியில் இதற்கு நேரமேது என்பர். நால்வர் கூடிப் பிடித்து அழுத்தும் நேரத்தையும் கணக்கிற் சேர்க்கவேண்டுமன்றோ? வீட்டாருக்கும் ஒரு வேலையுண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிள்ளையின் பழைய பொம்மையைத் தோய்த்து உலர்த்தி உடன் கொண்டு செல்லுங்கள்.