340 கிலோமீட்டருக்கு 800 கிலோமீட்டர் சுற்றா?



சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கத்துல, காமலாபுரத்தில் இருக்கிறது. தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் இருக்கிறது. ரெண்டுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 340 கிலோமீட்டர். சின்ன ஏ.டி.ஆர். விமானத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்.

ஆனா டிக்கெட் எடுக்கப் போனா, நேரடி விமானமே இல்லை!

சென்னை வழியாப் போறதா வச்சுக்குவோம். சேலம் - சென்னை சுமார் 265 கிலோமீட்டர். சென்னை - தூத்துக்குடி சுமார் 530. ஆக, 340 கிலோமீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய 800 கிலோமீட்டர் பறக்கணும். நடுவுல அடுத்த விமானத்துக்காகச் சென்னையில் காத்துக் கிடக்கணும். அதுக்குக் காரிலேயே கரூர், திண்டுக்கல், மதுரை வழியா ஏழு மணி நேரத்தில் போயிடலாம்.

"விமானம் பணக்காரங்களுக்குத் தானே?" என்று சிலர் கேட்கலாம். நாமக்கல் முட்டையும் கரூர் ஜவுளியும் தூத்துக்குடி துறைமுகம் வழியாக் கப்பல் ஏறுது. அந்தத் தொழிலை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கு. சரக்குப் போற ஊருக்கு, தொழில் செய்யறவர் காலையில் போய் ராத்திரி வீடு திரும்ப வழி வேண்டாமா?

சின்ன ஊர்களை வானத்தில் இணைக்கத்தான் 'உடான்' திட்டம் வந்தது. 2017-ல் முதல் விமானம் பறந்தது. இழப்பை ஈடுகட்ட மூன்று ஆண்டுகள் மானியம். அதில் ஒரு பங்கை மாநில அரசும் தருது.

பலன் என்ன? மத்திய தணிக்கைத் துறையின் 2023 அறிக்கையைப் பாருங்க. முதல் மூன்று கட்டங்களில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் தொடங்கியதே 371 தான். மூன்று ஆண்டுகளை முழுசா முடிச்சது 112. அதுக்கு அப்புறமும் 2023 மார்ச் வரை தாக்குப் பிடிச்சது வெறும் 54!

நம்ம சேலமே இதுக்குச் சாட்சி. 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் வந்தது. 2021-ல் நின்னு போச்சு. மறுபடியும் விமானத்தைப் பார்க்க 2023 அக்டோபர் வரை காத்திருந்தோம். தூத்துக்குடியில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தாங்க. 1,350 மீட்டர் ஓடுபாதை 3,115 மீட்டர் ஆச்சு. மகிழ்ச்சிதான். ஆனா ஓடுபாதை நீண்டா மட்டும் பக்கத்து மாவட்டம் கிட்ட வந்துடுமா?

நாம் கேட்பது மூன்றே மூன்று:

1. பெங்களூருவிலிருந்து சேலம் வந்து கொச்சி போகும் சேவை 2023-ல் தொடங்கியது. டவுன் பஸ் மாதிரி ஊர் ஊரா நின்னு போற அதே முறையில், பெங்களூரு - சேலம் - தூத்துக்குடி சேவை வேண்டும்.

2. காலையில் போய் மாலையில் திரும்பும்படி நேரம் அமைய வேண்டும். நட்டநடு மத்தியானம் வர்ற விமானத்தில் யார் ஏறுவாங்க?

3. மூன்று ஆண்டு முடிஞ்சதும் மானியத்தை ஒரே வெட்டா வெட்டாமல், பயணிகள் கூடக்கூடப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சொந்தங்களே, ரெண்டு ஊருக்கு இடையிலான தூரத்தை யாராலும் குறைக்க முடியாது. பயண நேரத்தைக் குறைக்க அரசாங்கத்தால் முடியும். அதைச் செய்யச் சொல்லி உங்க தொகுதி எம்.பி.யிடம் கேளுங்க. கேட்கிற வரைக்கும் 340 கிலோமீட்டர் 800 ஆகத்தான் இருக்கும்.