வழிப்போக்கன் வந்தால்தான் வழி பிறக்குமா?

ஊர் இல்லை, வீடு இல்லை, மாற்றுடை கூட இல்லை. சட்டைப் பையில் ஒரு மடக்குப் பல்துலக்கி. செலவுக்குக் கொஞ்சம் பணம். உடுத்த உடை அழுக்கேறினால் துவைப்பதில்லை. மலிவாக வேறொன்று வாங்கி உடுத்திக்கொண்டு பழையதைக் குப்பையில் எறிந்துவிடுவான். கிடைத்த பேருந்தில் ஏறுவான்; தோன்றிய ஊரில் இறங்குவான். இறங்கிய ஊரில் ஒரு கொடியவன் இருப்பான். அவனுக்கு அடியாட்கள் இருப்பர். அவர்க்கு அஞ்சி வாய்மூடிக் கிடக்கும் மக்களும் இருப்பர். கொடியவன் கூட்டத்தை அடித்து நொறுக்கிவிட்டு, நன்றி சொல்லவும் இடங்கொடாமல் அடுத்த ஊர்க்குப் போய்விடுவான்.

இவன்தான் சாக் இரீச்சர். அமெரிக்கப் படையின் காவற்பிரிவில் மேசராய் இருந்து விலகியவன். ஏறத்தாழ ஆறரையடி உயரத்தன். இலீ சைல்டு என்னும் ஆங்கில எழுத்தாளர் 1997-இல் படைத்துவிட்ட கதைத்தலைவன். இவனைப் பற்றிய புதினங்கள் உலகெங்கும் 10 கோடிப் படிகளுக்கு மேல் விற்றுள்ளன. 2012-இலும் 2016-இலும் திரைப்படங்கள் வந்தன. 2022-இல் இணையவழித் தொடரும் தொடங்கிற்று. 2020-இல் வெளிவந்த புதினம் முதல் ஆசிரியரின் தம்பியும் உடன்சேர்ந்து எழுதலானார். எழுதிய கை களைத்தும் கதைத்தலைவன் களைக்கவில்லை!

இத்தனை பேர் இவனை ஏன் விரும்புகின்றனர்? அடிதடியின்மேல் மாந்தர்க்குள்ள வேட்கைதான் கரணியம் என்று சொல்லிவிட்டுப் போவார் சிலர். அது மேம்போக்கான விடை. அடிதடிக் கதைகளுக்கு உலகில் என்றும் பஞ்சமில்லை. அவற்றுள் பெரும்பாலானவை ஓராண்டு கூட நிலைப்பதில்லை. இரீச்சர் நிலைத்ததற்கு வேறு கரணியம் உண்டு. அவனிடம் இருப்பவற்றைக் காட்டிலும் அவனிடம் இல்லாதவையே படிப்போரை ஈர்க்கின்றன.

விடியுமுன் எழுந்து, கூட்டத்தில் நசுங்கி வேலைக்குச் சென்று, மேலாளன் சொன்ன சுடுசொல்லை விழுங்கிக்கொண்டு, இருபதாண்டுக் கடனில் வாங்கிய வீட்டிற்கு இரவில் திரும்புகின்றான் ஒருவன். அவன் கையில் இப்புதினம் கிடைக்கின்றது. தவணை இல்லாத, மேலாளன் இல்லாத, நாளையைப் பற்றிய அச்சமே இல்லாத ஒருவன் அதில் நடமாடுகின்றான். 1999-இல் வந்த புதினத்தில் இரீச்சர்க்கு ஒரு வீடு உரிமையாகின்றது. அடுத்த புதினத்தில் அவ்வீடே அவனுக்குச் சுமையாகின்றது. முடிவில் அதை விட்டொழித்து நடக்கத் துணிகின்றான். அவ்விடத்தில் படிப்போன் விடும் பெருமூச்சு பொய்யன்று.

அப் பெருமூச்சை எழுதியவரும் அறிவார். இலீ சைல்டு என்பது புனைபெயர்; இயற்பெயர் சிம் கிராண்டு. 1954-இல் இங்கிலாந்தின் கவென்றி நகரிற் பிறந்தவர். 1977 முதல் மான்செசுட்டரில் கிரானடா தொலைக்காட்சியில் பணியாற்றியவர். அங்கே தொழிலாளர் ஒன்றியத்தின் பேராளராகவும் நின்றவர். 1995-இல் ஆட்குறைப்பு வந்தது. நாற்பது அகவை கடந்தவர்க்கு வேலை போயிற்று. தாளும் கரிக்கோலும் வாங்கிக்கொண்டு எழுத அமர்ந்தார். அவர் படைத்த இரீச்சரும், பனிப்போர் முடிந்து படையைச் சுருக்கியபொழுது வெளியே வந்தவனே! வேலை இழந்தவர் நெஞ்சில் மூண்ட சினமே இந்நூல்களின் அடிக்கல். அச்சினம் முறையானது, அதைப் பழிப்பது நேர்மையன்று.

ஆனால், அச்சினம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப்படுகின்றது என்பதே வினா. தொழிலாளர் ஒன்றியத்தில் நின்ற எவரும் ஒன்றை அறிவர். தனி ஒருவன் ஓங்கிய கையை முதலாளி எளிதில் முறித்துவிடுவான். ஆயிரம் கைகள் ஒருங்கே வேலையை நிறுத்தினால் அவனே இறங்கி வருவான். அந்த ஆயிரம் கைகள் இப்புதினங்களில் எங்கே போயின? ஒரே ஒருவனின் இரண்டு கைகளாய் அவை சுருங்கிவிட்டன!

முதற் புதினத்தில் சார்சியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்று வருகின்றது. கள்ளப்பணக் கூட்டம் ஒன்று ஊர்க் கடைக்காரர்க்குப் பணம் கொடுத்து வாயடைத்து வைத்திருக்கின்றது. 2010-இல் வந்த மற்றொரு புதினத்தில் நெப்ராசுக்கா மாநிலத்து உழவர் வருகின்றனர். விளைந்த கூலத்தை ஏற்றிச் செல்லும் சரக்குந்துகள் ஒரே குடும்பத்தின் கையில் உள்ளன. அக்குடும்பத்தைப் பகைத்தால் விளைச்சல் நிலத்திலேயே கிடந்து அழுகும். அவ்வச்சத்தால் ஊரே ஊமையாய்க் கிடக்கின்றது. எத்துணை உண்மையான கொடுமை! சரக்கு வண்டி எவன் கையில் உள்ளதோ, உழவன் கழுத்தும் அவன் கையில்தான் என்பதை ஆசிரியர் நன்கு உணர்ந்து எழுதியிருக்கின்றார். ஆயின் தீர்வு? வழிதவறி வந்த ஒருவன். கடைசியில் ஊராருள் ஒரு சிலர் அவனோடு கைகோக்கின்றனர் என்பது உண்மையே. அவன் வாராதிருந்தால் அக்கைகள் என்றேனும் எழுந்திருக்குமா? கதை அதற்கு விடை சொல்வதில்லை.

விடையை நெப்ராசுக்காவின் உண்மை வரலாறு சொல்லும். தொடர்வண்டி நிறுவனங்கள் கூலம் ஏற்ற மனம்போன கட்டணம் கேட்டு அமெரிக்க உழவரைப் பிழிந்த காலம் 19-ஆம் நூற்றாண்டு. அவ்வுழவர் எந்த வழிப்போக்கனுக்கும் காத்திருக்கவில்லை. 1867-இல் தோன்றிய கிரேஞ்சு என்னும் உழவர் அமைப்பில் ஒன்றுகூடினர். கூட்டுறவுக் கிடங்குகள் கண்டனர். கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களைச் சில மாநிலங்களில் இயற்றச் செய்தனர். அத்தகைய சட்டம் செல்லும் என்று 1877-இல் அமெரிக்க உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. 1892 சூலையில் அதே நெப்ராசுக்காவின் ஒமாகா நகரில் மக்கள் கட்சி மாநாடு கூடிற்று. தொடர்வண்டிகளை அரசே ஏற்று நடத்தவேண்டும் என்று முழங்கிற்று. அக்கட்சி நெடுநாள் வாழவில்லை. ஆயினும் அன்று அவர்கள் கேட்டவற்றுள் வருமான வரியும், மேலவையினரை மக்களே நேரில் தேர்ந்தெடுக்கும் முறையும் 1913-இல் அமெரிக்க அரசமைப்பில் ஏறின. பெயர் தெரியாத உழவர் பல்லாயிரவர் கூடிச் செய்த வினை அது. அதில் ஆறரையடி உயரத் தலைவன் ஒருவனும் இல்லை. ஆகவே அது விறுவிறுப்புப் புதினமாகவில்லை போலும்!

இன்னுமொன்று. 2008-இல் வந்த புதினத்தில், வேலையின்றித் திரிபவன் என்ற குற்றத்திற்காக ஓர் ஊர் இரீச்சரைப் பிடித்து எல்லைக்கு வெளியே தள்ளுகின்றது. அவன் திரும்பி வந்து அவ்வூரையே ஆட்டிவைக்கின்றான். உண்மையில் திரிந்தோர் கதி என்ன? அடிமைமுறை ஒழிந்த 1865-இலேயே மிசிசிப்பி மாநிலம் திரிவோர் சட்டம் இயற்றிற்று. வேலைச் சான்று காட்டமுடியாத கறுப்பின மக்களைப் பிடித்துத் தண்டம் விதித்து, கட்டமுடியாதவரைக் கூலிக்கு விட்டது. அத்தகைய திரிவோர் சட்டம் ஒன்றை அமெரிக்க உச்ச முறைமன்றம் தள்ளுபடி செய்ய 1972 வரை ஆயிற்று. 2024-இலோ, வீடற்றோர் பொதுவிடத்தில் படுத்துறங்குவதைத் தண்டிக்கலாம் என்று அதே மன்றம் தீர்ப்பளித்தது. வீடின்மை கதையில் விடுதலை. தெருவில் அது குற்றம். ஏதிலியின் துயரை வெள்ளை வலியனுக்கு அணியாக்கிக் காட்டுவது எவ்வகையில் அறமாகும்?

இது பழைய கதைமரபுதானே, இதனால் என்ன கேடு என்று கேட்பார் உளர். பழையதுதான். 1949-இல் வந்த சேன் என்னும் புதினத்திலும், 1961-இல் குரோசாவா எடுத்த யோசிம்போ என்னும் சப்பானியப் படத்திலும் இவ்வழிப்போக்கன் உண்டு. சட்டம் வந்து சேராத எல்லையூரில் துப்பாக்கிக்காரன் ஒருவன் தேவைப்பட்டான் என்றால் அதற்கு ஒரு பொருள் உண்டு. வாக்குச்சீட்டும் முறைமன்றமும் தொழிலாளர் ஒன்றியமும் உள்ள காலத்தில், இவை யாவும் பயனற்றவை, எவனோ ஒருவன் வந்து அடித்தால்தான் விடிவு என்று நூலுக்கு நூல் ஓதுவது வெறுங்கதை அன்று. அது காத்திருக்கக் கற்பிக்கும் பாடம். காத்திருக்கக் கற்ற மக்களைக் காட்டிலும் கொடியவனுக்கு நல்ல துணை எது?

படிப்போர் படிக்கட்டும், களைப்பு நீங்கட்டும், அதில் குற்றமில்லை. ஆயின் கடைசி ஏட்டை மூடியபின் ஒரு வினாவை எழுப்பிப் பார்க்க வேண்டும். கொடியவன் செத்தான், வழிப்போக்கன் போய்விட்டான், மறுநாட் காலையில் அவ்வூரில் கூலத்தை ஏற்றப் போவது யார் வண்டி? ஊரார் கூடி ஒரு வண்டி வாங்கினரா? வாங்கவில்லையெனின், அடுத்த கொடியவன் அந்த ஊருக்குப் புறப்பட்டுவிட்டான் என்று கொள்க!

வழிப்போக்கன் வருவான், போவான். ஊரை ஊர்தான் காக்க வேண்டும்!